கிராண்ட் சாலை பீர் ஆலையும் விட்டல் மல்லையா சாலையும்

பெங்களூரில் கப்பன் பூங்காவுக்குத் தெற்கே உள்ள விட்டல் மல்லையா சாலைக்கு முந்தைய பெயர் கிராண்ட் சாலை. இன்று அங்கே முதலில் கண்ணில் படுவது யூபி சிட்டி என்னும் வளாகம். ஏறத்தாழ 13 ஏக்கரில் அலுவலகக் கோபுரங்களும், உலகின் விலையுயர்ந்த நிறுவனங்களின் கடைகளும், உணவகங்களும், நடுவே ஒரு திறந்தவெளி அரங்கும் உள்ளன. நாள்தோறும் அங்கு வந்து போவோரில் பெரும்பாலோருக்கு 'யூபி' என்பது இரண்டு எழுத்துகள் மட்டுமே. அது 'யுனைடெட் ப்ரூவரீஸ்' என்பதன் சுருக்கம். 'ஒன்றிணைந்த பீர் ஆலைகள்' என்று அதைத் தமிழாக்கலாம். அந்த நிலத்தில் ஒரு காலத்தில் பார்லி ஊறிக்கொண்டிருந்தது. பெரும் தொட்டிகளில் பீர் நொதித்துக்கொண்டிருந்தது. ஆலையின் கட்டடங்கள் போய்விட்டன. எஞ்சியிருப்பது அதன் பெயர்தான்; அதுவும் பொருள் தெரியாதபடி சுருங்கிய நிலையில்.

தொழிற்சாலைகளின் மறுபயன்பாடு பற்றிய ஆய்வுகள் பொதுவாகக் கட்டடங்களையே பேசுகின்றன. எந்தச் சுவர் காக்கப்பட்டது, எந்தப் புகைபோக்கி நிறுத்தி வைக்கப்பட்டது, எந்தக் கிடங்கு அருங்காட்சியகமானது என்ற கேள்விகளே அவற்றில் முன்நிற்கும். கிராண்ட் சாலை ஆலையின் கதை அந்த வகைக்குள் அடங்காது. இங்கே மறுபயன்பாட்டுக்கு வந்தவை நிலமும் பெயரும் மட்டுமே. ஆகவே இவ்வரலாற்றைச் செங்கல்லைக் கொண்டு எழுத முடியாது. சொற்களையும் பெயர்களையும் கொண்டே எழுதவேண்டும்.

முதலில் 'ப்ரூவரி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நிலைபெற்ற தமிழ்ச்சொல் இல்லை. நாளிதழ்கள் 'மதுபான ஆலை' என்கின்றன. பேச்சில் 'சாராய ஃபாக்டரி' என்றும் வரும். அகராதிகள் சில 'வடிசாலை' என்றும் தருகின்றன. மூன்றும் ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. தமிழ் வழக்கில் கள் 'இறக்கப்படுகிறது', சாராயம் 'காய்ச்சப்படுகிறது'. இவ்விரு வினைகளும் இரு வேறு தொழில்நுட்பங்களைத் துல்லியமாகக் குறிக்கின்றன. பனை, தென்னை, ஈச்ச மரங்களிலிருந்து இறக்கும் சாறு தானாகவே நொதிக்கும். அதற்கு நெருப்பு வேண்டியதில்லை. நொதித்த ஊறலை அடுப்பிலேற்றி, எழும் ஆவியைக் குளிர்வித்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் சாராயம் கிடைக்கும். பீர் இந்த இரண்டிலும் சேராது. பார்லியை நீரில் ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் கரைத்து அதன் மாவுச்சத்தை இனிப்பாக மாற்றுவார்கள். அச்சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதன்பின் ஈஸ்டைச் சேர்ப்பார்கள். இங்கும் அடுப்பு உண்டு. ஆனால் நொதித்தலுக்கு முன்பே அதன் வேலை முடிந்துவிடுகிறது. நொதித்த பிறகு ஆவி பிடிப்பது என்பதே கிடையாது. அதனால்தான் பீரின் போதை கள்ளுக்கு நெருக்கமாகவும் சாராயத்துக்கு வெகுதொலைவிலும் நிற்கிறது.

இந்த வேறுபாடு சொல்லாய்வாளரின் நுண்மை மட்டுமன்று. பெங்களூரில் ஒரு பீர் ஆலை ஏன் தோன்றியது என்பதற்கான விடை இதற்குள்தான் உள்ளது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயப் படை அங்கேயே நிலைகொண்டது. காய்ச்சலும் சாவும் மலிந்ததால் அது பெங்களூருக்கு மாற்றப்பட்டது. 1809இல் இங்கே கண்டோன்மென்ட் உருவாயிற்று. கன்னடத்தில் அதற்கு 'தண்டு' என்று பெயர். படை என்னும் பொருளில் தமிழிலும் வழங்கும் சொல்தான் இது. கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தின் கன்னடப் பெயரில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. கெம்பேகௌடரின் பழைய 'பேட்டை' ஒருபுறம், படையின் 'தண்டு' மறுபுறம் என நகரம் இரண்டாயிற்று. மெட்ராஸ் படையோடு வந்த தமிழர்கள் அல்சூரிலும், இன்று சிவாஜி நகர் எனப்படும் பிளாக்பள்ளியிலும் குடியேறினர். சிப்பாய்கள், சமையற்காரர்கள், கொத்தர்கள், வண்டிக்காரர்கள், கடைக்காரர்கள், ஒப்பந்தக்காரர்கள் எனப் பலரும் அவர்களில் இருந்தனர். 1868இல் கட்டி முடிக்கப்பட்ட அட்டாரா கச்சேரியின் ஒப்பந்தக்காரரான ஆற்காடு நாராயணசாமி முதலியார் இவ்வுலகத்தில் உயர்ந்தவரே. ராணுவத்துக்கு எது தேவையோ அதை வழங்குவதே தண்டின் பொருளாதாரமாக இருந்தது.

ராணுவத்தின் தேவைகளுள் மது பெரிய ஒன்று. கம்பெனிக் காலம் முதலே ஐரோப்பியச் சிப்பாய்க்கு அன்றாடப் படியாகச் சாராயமோ ரம்மோ அளிக்கப்பட்டது. போரில் இறந்தவர்களைவிட நோயிலும் குடியிலும் இறந்தவர்களே மிகுதி என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு எண்ணிக்கையாகவே காணத் தொடங்கியது. இந்தியப் படையின் சுகாதார நிலையை ஆராய 1859இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1863இல் அறிக்கை அளித்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெரும் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. காய்ச்சிய மதுவின் இடத்தைப் பீருக்கு அளிப்பது அக்காலச் சீர்திருத்த எண்ணங்களுள் ஒன்று. பீர் குடிப்பதை ஒரு வகை மிதக் கட்டுப்பாடாகவே அன்றைய ராணுவ மருத்துவர்கள் கருதினர். இன்றைய பார்வைக்கு விந்தையாகத் தோன்றலாம்: படைமுகாம்களில் பீருக்கு இடம் கிடைத்தது ஒரு சுகாதார நடவடிக்கையாக.

ஆனால் பீர் எங்கிருந்து வரும்? தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களிலிருந்து பர்ட்டன் நகரத்து ஆலைகளும் இந்தியச் சந்தைக்கென்றே கசப்பு மிகுந்த வெளிர்நிற பீரை அனுப்பின. 'இந்தியா பேல் ஏல்' என்னும் பெயர் இவ்வணிகத்தின் நினைவே. மாதக்கணக்கான கடற்பயணம், உடையும் பீப்பாய்கள், புளிக்கும் சரக்கு, கப்பல் கூலி, துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு மாட்டுவண்டிப் பயணம் ஆகிய அனைத்தும் விலையில் ஏறின. அதிகாரிகள் தாங்குவர், சாதாரணச் சிப்பாயின் கூலிக்கு அது எட்டாது. சிப்பாய்க்குப் பீரைப் பழக்கவேண்டுமானால் அதை இந்தியாவிலேயே ஆக்கவேண்டும் என்ற முடிவு இயல்பாகவே வந்தது.

இந்தியாவில் எல்லா இடத்திலும் அதை ஆக்கிவிட முடியாது. செயற்கைக் குளிரூட்டல் பரவலாவதற்கு முன், நொதித்தலைக் காலநிலையே தீர்மானித்தது. ஏல் வகைப் பீருக்கான ஈஸ்ட் 15 முதல் 22 டிகிரி வெப்பத்தில் நன்கு வேலை செய்யும். அதற்கு மேல் போனால் வேண்டாத மணமும் கெடுக்கும் நுண்ணுயிர்களும் பெருகும். சென்னையின் கோடையில் திறந்த தொட்டியில் பீரை நொதிக்கவிடுவது சரக்கைச் சாக்கடைக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். எனவே துணைக்கண்டத்தின் தொடக்ககால பீர் ஆலைகள் மலைகளை நாடின. வடக்கே கசௌலியும் மர்ரியும், தெற்கே நீலகிரியும், இலங்கையில் நுவரெலியாவும் இந்த வரைபடத்தின் புள்ளிகள். கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கு அதிகமான உயரத்திலுள்ள பெங்களூரு மலையுமன்று, சமவெளியுமன்று. நீலகிரி அளவுக்குக் குளிர் இல்லாவிடினும், குடிப்பவர்கள் பக்கத்திலேயே இருந்தனர். ஊட்டியில் ஆக்கிய பீரை மலையிறக்கிக் கொண்டுவரவேண்டும். பெங்களூரில் ஆக்கியதைச் சில தெருக்கள் கடத்தினால் போதும். நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லும் வரலாற்றில், பெரும் பீப்பாய்களில் பீரை மாட்டுவண்டி ஏற்றிப் படைமுகாம்களுக்கு அனுப்பிய காட்சி இன்றும் இடம்பெறுகிறது.

வேறு இரண்டு சூழ்நிலைகளும் துணைநின்றன. முதலாவது ரயில். 1864இல் பெங்களூரு கண்டோன்மென்ட் ஜோலார்பேட்டை வழியாக மெட்ராஸுடன் இணைக்கப்பட்டது. ஹாப்ஸ் தென்னிந்தியாவில் விளைவதில்லை. அது கப்பலில் வந்து துறைமுகத்திலிருந்து ரயிலேறவேண்டிய பொருள். பார்லியும் முதன்மையாக வடஇந்தியப் பயிரே. மூலப்பொருள் வெளியிலிருந்தும் குடிப்போர் உள்ளூரிலும் இருக்கும் தொழிலுக்கு ரயில் இன்றியமையாதது. இரண்டாவது அரசியல். 1881இல் மைசூர் சமஸ்தானம் உடையார் மரபிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோது, கண்டோன்மென்ட் பகுதி மட்டும் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்னும் பெயரில் ஆங்கிலேய நிர்வாகத்தின் கீழ் தொடர்ந்தது. படை போய்விடாது என்னும் உறுதி முதலீட்டாளர்களுக்குக் கிடைத்தது. பெங்களூரு கம்பளி, பருத்தி, பட்டு ஆலை 1884இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் பின்னி மில் என அறியப்பட்டது அதுவே. அடுத்த ஆண்டான 1885இல் பெங்களூரு ப்ரூயிங் கம்பெனி தோன்றியது. இவ்விரு தொழில்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறந்ததைத் தற்செயலாக மட்டும் கொள்ள முடியாது.

கிராண்ட் சாலையின் சூழல் இங்கே கவனிக்கத்தக்கது. பீருக்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். கழுவவும் குளிர்விக்கவும் அதைப்போலப் பலமடங்கு நீர் செலவாகும். ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்நீர் பெங்களூரை எட்டியது 1890களில்தான். அதற்கு முன் நகரம் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியிருந்தது. கிராண்ட் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் சம்பங்கி ஏரி இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அந்த ஏரி வற்றவிடப்பட்டது. இன்று அவ்விடம் கண்டீரவா விளையாட்டரங்கம். கரகத் திருவிழாவின் சடங்குக்காக ஒரு மூலையில் சிறு குளம் மட்டும் விடப்பட்டுள்ளது. கரகத்தை நடத்தும் திகளர் சமூகத்தின் பெயர், பழைய கன்னட வழக்கில் தமிழரையே குறித்த சொல் என்பது மொழியியல் மாணவர்களுக்குத் தெரிந்ததே. ஏரி போயிற்று, சடங்கு நின்றது. சற்றுத் தள்ளி ஆலை போயிற்று, பெயர் நின்றது. ஒரே வட்டாரத்தில் இரண்டு நினைவுகள் இரு வேறு முறைகளில் தப்பிப் பிழைத்துள்ளன.

1915 மார்ச் 15ஆம் நாள் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றிணைத்து யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். நீலகிரியைச் சேர்ந்த காசில் ப்ரூவரி, நீலகிரி ப்ரூவரி, பெங்களூரு ப்ரூயிங் கம்பெனி, மெட்ராஸின் பிரிட்டிஷ் ப்ரூயிங் கார்ப்பரேஷன், பிபிபி ப்ரூவரி ஆகியன அந்த ஐந்து. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. சிறு ஆலைகள் தனித்தனியே போட்டியிடுவதைவிட ஒரே நிர்வாகத்தின் கீழ் வாங்குவதும் விற்பதும் ஆதாயமாகும் என்னும் கணக்கு இத்தகைய இணைப்புகள் எல்லாவற்றிலும் உண்டு. 'யுனைடெட்' என்னும் அடைமொழிக்கு அரசியல் பொருள் ஏதுமில்லை. அது ஒரு கணக்குப் புத்தகத்தின் சொல்.

இவ்விடத்தில் ஒரு தேதிச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கிங்ஃபிஷர் பீரை 1857ஆம் ஆண்டோடு இணைத்துப் பேசும் வழக்கம் உண்டு. நிறுவனமே 1857இல் தொடங்கப்பட்டதாகச் சில பொதுத் தளங்களும் எழுதுகின்றன. 1857 என்பது காசில் ப்ரூவரியின் ஆண்டு. பெங்களூரு ஆலைக்கு 1885, கூட்டு நிறுவனத்துக்கு 1915, இன்று அறியப்படும் கிங்ஃபிஷர் சின்னத்தின் சந்தை அறிமுகத்துக்கு 1978 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆண்டு உண்டு. இணைக்கப்பட்ட நிறுவனங்களில் மிக மூத்ததன் வயதைக் கூட்டு நிறுவனம் தனதாக்கிக்கொள்வது உலகெங்கும் மது வணிகத்தில் காணும் வழக்கம். பழைமை அங்கே விற்பனைக்குரிய பண்டம். வரலாற்று மாணவர் அந்த எண்களைப் பிரித்துப் படிக்கவேண்டும். இல்லையெனில் நீலகிரி மலையின் நினைவு பெங்களூரு கோபுரத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

விடுதலையோடு ஆலையின் அடிப்படையே ஆட்டம் கண்டது. 1947இல் ஆங்கிலேயப் படை வெளியேறியது. எந்த வாடிக்கையாளருக்காக ஆலை தோன்றியதோ அவர் போய்விட்டார். மதுவிலக்கு அரசியல் அதே வேளையில் வலுவடைந்தது. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் மெட்ராஸ் மாகாணம் முழுவதையும் எட்டியது. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை அரசின் நெறிகளுள் ஒன்றாக்கியது. மைசூரிலோ மதுவிலக்கு எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே சீராக வரவில்லை. இரண்டு ஆட்சிப் பகுதிகளில் ஆலைகளை வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்குப் பெங்களூரின் முக்கியத்துவம் இதனால் கூடியது. மெட்ராஸ் அரசின் சட்டமும் பெங்களூரின் தொழில் வரலாற்றை எழுதியது எனலாம்.

இச்சூழலில்தான் விட்டல் மல்லையா வருகிறார். 1924இல் டாக்காவில் பிறந்தவர். பங்குகளை வாங்கிச் சேர்த்து 1947இல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டு ஆர். ஜி. என். பிரைஸுக்குப் பின் தலைவரானார். மதுத்தொழிலுக்கு எதிர்காலமே இல்லை என்று பலரும் எண்ணிய காலத்தில் அவர் அதில் முதலீடு செய்தார். 1951இல் மெட்ராஸின் பழைய நிறுவனமான மக்டவல் அவர் கைக்கு வந்தது. 'இறக்குவது', 'காய்ச்சுவது' என்னும் பழைய பாகுபாட்டை இங்கே நினைவில் கொள்ளலாம்: நொதிக்கவைக்கும் தொழிலில் இருந்த ஒரு குழுமம் அதன்பின் காய்ச்சும் தொழிலிலும் இறங்கியது. 1983இல் அவர் மறைந்தபோது மகன் விஜய் மல்லையா 27 வயதில் தலைவரானார். கிராண்ட் சாலை பின்னர் விட்டல் மல்லையா சாலையாயிற்று. ஆங்கிலேயப் பெயரை இந்தியப் பெயர் மாற்றியது என்று இதைக் காலனிய நீக்கமாகப் படிக்கலாம். ஆலையின் பெயர் சாலைக்கு ஏறாமல் ஆலை உரிமையாளரின் பெயர் ஏறியது என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பு பின்னர் நடந்தவற்றுக்குப் பொருத்தமானது.

1970களின் இறுதியிலிருந்து பீர் பற்றிய நகர மனப்பான்மை மாறத் தொடங்கியது. 1980களில் பெங்களூரு தன் 'பப்'களுக்குப் பெயர்பெற்றது. படைமுகாமின் பானம் கல்லூரி முடித்த இளைஞர்களின் பானமாயிற்று. பின்னர் மென்பொருள் ஊழியர்களின் பானமாயிற்று. முரண் என்னவென்றால், பீரின் சந்தை வளர வளர நகர் நடுவிலிருந்த ஆலையின் நிலை தளர்ந்தது. நெரிசல் மிக்க சாலையில் பார்லி லாரிகளும் புட்டி லாரிகளும் வந்துபோவதும், நீர்த்தட்டுப்பாடுள்ள நகரின் மையத்தில் நீரை விழுங்கும் தொழிலை நடத்துவதும் கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக நிலத்தின் விலை ஏறியது. அந்நிலத்தில் ஆக்கும் பீரைவிட அந்நிலமே மதிப்பு மிக்கதாயிற்று. உற்பத்தி நெலமங்கலா, நஞ்சன்கூடு போன்ற இடங்களில் உள்ள ஆலைகளுக்குரியதாயிற்று. நகர் நடுவே மிஞ்சியது நிலம்.

அதன்மேல் பிரெஸ்டீஜ் குழுமத்துடன் இணைந்து எழுப்பப்பட்டதே யூபி சிட்டி. அதன் கடைவளாகம் 2008இல் திறக்கப்பட்டது. கோபுரங்களின் பெயர்கள் கான்கார்ட், கான்பெரா, காமெட். மூன்றும் வானூர்திகளின் பெயர்கள். குழுமம் 2005இல் விமான சேவையில் இறங்கியிருந்தது என்பதை நினைத்தால் இப்பெயரிடல் தெளிவாகும். ஆலையின் எந்தச் சொல்லும் அங்கே இல்லை. காசில், நீலகிரி, லீஷ்மன், பார்லி, பீப்பாய் ஆகிய எதையும் எந்தக் கட்டடமும் ஏற்கவில்லை. மண்ணில் வேரூன்றிய ஒரு தொழிலின் நிலத்தில், பறப்பவற்றின் பெயர்கள் நிறுத்தப்பட்டன. விமான நிறுவனம் 2012இல் தரையிறங்கியது. கட்டடங்களின் பெயர்கள் மட்டும் நிற்கின்றன.

இதை வேறு நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். லண்டனின் ட்ரூமன் பீர் ஆலை 1989இல் மூடப்பட்டது. அதன் செங்கற் கட்டடங்களும் புகைபோக்கியும் நிற்க, உள்ளே கலைக்கூடங்களும் சந்தைகளும் வந்தன. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் 2008இல் தன் முதன்மை உற்பத்தியை வேறு ஊருக்கு மாற்றியது. 1901இல் கட்டிய யானை வாயில் உள்ளிட்டவற்றைக் காத்து அவ்விடத்தை ஒரு குடியிருப்பு நகராக மாற்றினர். ஐரோப்பாவைத் தேடிப்போக வேண்டியதும் இல்லை. பெங்களூரிலேயே பழைய மத்தியச் சிறை அதே 2008இல் ஃப்ரீடம் பார்க் ஆயிற்று. காவற்கோபுரமும் சில சிறைக்கூடங்களும் அப்படியே விடப்பட்டன. ஒரே ஆண்டில், ஒரே நகரில் இரண்டு மறுபயன்பாடுகள். ஒன்று அரசு நிலம். கைதிகளின் நினைவு காக்கப்பட்டது. மற்றொன்று தனியார் நிலம். தொழிலாளரின் நினைவு காக்கப்படவில்லை. விடுதலைப் போராட்டமும் நெருக்கடிநிலையும் சிறைக்கு ஒரு தேசியக் கதையைத் தந்தன. பீர் ஆலைக்கு அத்தகைய கதை இல்லை. காலனியச் சிப்பாயின் குடியை யார் மரபாகக் கொண்டாடுவார்? மதுவை வெட்கத்தோடு பார்க்கும் ஒரு சமூகத்தில் மதுத்தொழிலின் கட்டடங்கள் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. பின்னி மில்லின் நிலத்திலும் இன்று அடுக்ககங்கள்தான் எழுந்து நிற்கின்றன என்பதையும் சேர்த்துக் கருதினால், மதுவின் மீதான வெட்கம் மட்டுமன்றித் தொழிலாளர் வரலாற்றின் மீதான பொதுவான அக்கறையின்மையும் இங்கே செயல்படுவது புலனாகும்.

மற்றொரு ஒப்பீடு இதைவிடக் கூர்மையானது. கர்நாடகத்தில் 2004இல் பெரும்பாலான மாவட்டங்களில் கள் தடைசெய்யப்பட்டது. 2007 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. இறக்கும் மதுவும் ஏழையின் காய்ச்சும் மதுவும் சட்டத்துக்கு வெளியே சென்றன. அடுத்த ஆண்டு, பீரும் விஸ்கியும் விற்று வளர்ந்த ஒரு குழுமத்தின் பெயரைத் தாங்கிய ஆடம்பர வளாகம் நகரின் பெருமிதமாகத் திறந்தது. தடையைக் கேட்டுப் போராடிய பெண்களின் துயரம் உண்மையானது. அதை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. கேட்கவேண்டியது வேறு. எந்த மது 'நாட்டுச் சரக்கு', எந்த மது 'இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது' என்று பிரிக்கும் சொற்களை உருவாக்கியது யார்? 1886ஆம் ஆண்டின் மெட்ராஸ் ஆப்காரிச் சட்டம் முதல் இன்றைய டாஸ்மாக் விலைப்பட்டியல் வரை, மதுவை வகைப்படுத்தும் மொழி வரிவிதிப்பின் மொழியே. 'இந்தியத் தயாரிப்பு' என்றும் 'அயல்நாட்டு' என்றும் ஒரே தொடரில் சொல்ல நேரும் முரணை அம்மொழி உணர்வதில்லை. காலனியச் சிப்பாய்க்குச் சாராயத்தைவிடப் பீர் நல்லது என்று 19ஆம் நூற்றாண்டின் மருத்துவர் இட்ட தரவரிசை, 21ஆம் நூற்றாண்டில் குடிப்பவரின் வகுப்புத் தரவரிசையாக மாறி நிற்கிறது.

கதை அத்தோடு முடியவில்லை. 2010ஐ ஒட்டிக் கர்நாடக அரசு சிறு பீர் ஆலைகளுக்கு அனுமதி வழங்கத் தொடங்கியது. உணவகத்துக்குள்ளேயே பீரை நொதிக்கவைத்து அங்கேயே பரிமாறும் முறை அது. பெங்களூரின் முதல் ஆலைகளுள் ஒன்றான 'பியர் கிளப்' 2011இல் திறக்கப்பட்ட இடம் விட்டல் மல்லையா சாலை. பீர் ஆக்கும் தொழில் ஒருவகையில் தன் பழைய தெருவுக்கே திரும்பியது. ஆனால் அது தொழிலாகத் திரும்பவில்லை, காட்சியாகத் திரும்பியது. அன்று சுவருக்குப் பின்னே மறைந்திருந்த செப்புக் கொப்பரையும் தொட்டியும் இன்று கண்ணாடிக்குப் பின்னே வாடிக்கையாளர் பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டுள்ளன. உண்மையான ஆலையின் சுவர்களைக் காக்காத நகரம் ஆலையின் தோற்றத்தை விலைகொடுத்துச் சுவைக்கிறது.

நிறுவனத்தின் போக்கும் இதே திசையில்தான் சென்றது. விமான சேவையின் கடன்சுமையைத் தொடர்ந்து 2017இல் குழுமத்தின் தாய்நிறுவனத்தைக் கலைக்குமாறு கர்நாடக உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2021இல் நெதர்லாந்தின் ஹைனெகன் யுனைடெட் ப்ரூவரீஸின் பெரும்பான்மைப் பங்குகளைக் கைக்கொண்டது. ஐரோப்பியர் தொடங்கி, இந்தியர் வாங்கி, மீண்டும் ஐரோப்பியர் கைக்குப் போன நிறுவனம் இது. உரிமை மாறிக்கொண்டே இருக்க, பெயர் மட்டும் மாறவில்லை.

இத்தகைய இடங்களின் வரலாற்றை எழுத முனையும் மாணவர்களுக்கு இதிலிருந்து சில வழிகள் புலப்படும். கட்டடம் இல்லாத இடத்தில் சாலைப் பெயர் ஒரு கல்வெட்டு. நிறுவனச் சுருக்கப்பெயர் ஒரு புதைபடிவம். வரிச்சட்டத்தின் சொற்கள் ஒரு சமூகவியல். புட்டிகளின் மேலொட்டிய தாள்கள், ரயில்வே சரக்குப் பதிவுகள், நகராட்சியின் நீர்க்கணக்கு, ஊதியப் பட்டியல்கள் ஆகியன காலனியக் காலப் பீர் ஆலைகள் எங்கிருந்தாலும் தேடத்தக்கவை. அவற்றினும் விரைவில் அழியக்கூடியது ஒன்று உண்டு: வாய்மொழி. பார்லியை அள்ளியவர்கள், புட்டி கழுவியவர்கள், பீப்பாய் செய்த தச்சர்கள், சாற்றைப் பிரித்த பிறகு மிஞ்சும் சக்கையை மாட்டுத் தீவனமாக வாங்கிச் சென்ற பால்காரர்கள் ஆகியோரிடம் இத்தொழிலுக்கான சொற்கள் இருந்திருக்கும். கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து புழங்கிய தண்டில், 'மால்ட்' என்பதையும் 'ஈஸ்ட்' என்பதையும் அவர்கள் எந்தப் பெயரிட்டு அழைத்தார்கள்? 'ப்ரூவரி' என்பதற்குத் தமிழில் சொல் இல்லை என்று மேலே கூறப்பட்டது. எழுத்துத் தமிழில் இல்லை என்று அதைத் திருத்திப் படிப்பதே பொருந்தும். ஆலை வாசலில் சங்கு ஊதியதும் உள்ளே சென்றவர்கள் தாம் செல்லும் இடத்துக்கு ஒரு பெயர் வைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ள, முதியோர் நினைவில் அது எஞ்சியிருக்கும் வரையே காலம் உண்டு.